அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது

சாவி என் பேன்ட் பையில் இருந்தது. இல்லை என்று சொன்னேன். ஒரு நல்ல ஆசிரியையைப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்தியது அந்த ஒரு பொய். அதைச் சொன்னவன் நான்.

மராட்டிய ஊரான சாங்வியிலிருந்து வெளியே போகும் பாலத்தின் மேல், ஜூலை மழையில், குடையில்லாமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் இதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் போன லாரி சேற்றை வாரி அடித்தது. அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் முழுவதும் வேறு இடத்தில் இருந்தது... பாதி அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல், மீதி என் மேல்.

ஆசிரியர் கிடைப்பதில்லை என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள். உங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை இந்தப் புலம்பல் வரும். வருஷத்தின் நடுவில் டீச்சர் மாறிவிட்டார், என்ன பள்ளிக்கூடம் இது, ஃபீஸ் மட்டும் குறைவில்லை என்று. கிடைப்பதில்லையா? கிடைத்தவர்களை என்ன செய்தோம் என்று கேளுங்கள். செய்தவர்களில் ஒருவன் சொல்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள். பத்தாவதில் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதவில்லை. பம்பாயில் முறுக்குக் கம்பெனி, பிறகு லோனாவாலாவில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை, அப்புறம் பிம்பிரியில் இட்லி வண்டி. எங்கேயும் நிலைத்ததில்லை. பசித்த நாளும் உண்டு, கோயில் வாசலில் படுத்த நாளும் உண்டு. அதெல்லாம் பெரிய சங்கதி இல்லை. போகிற போக்கில் இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் மராட்டியும் ஒட்டிக்கொண்டன. அதுதான் வினையாகப் போயிற்று.

பிம்பிரிக்குப் பக்கத்தில் சாங்வியில் ஒரு பள்ளியில் வேன் வேலைக்குத்தான் சேர்ந்தேன். பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும், மற்ற நேரத்தில் ஆபீஸில் சொன்னதைச் செய்ய வேண்டும். ஒருநாள் ஒரு தகப்பனாரிடம் நான் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்ததை, பள்ளியை நடத்தும் டைரக்டர் சார் கேட்டுவிட்டார். அன்று மூன்றாம் வகுப்பு டீச்சர் வரவில்லை. போய் வகுப்பில் நில் என்றார்.

வராத ஆசிரியரின் வகுப்பில் இன்னொருவர் போய் நிற்பதற்கு அங்கே ப்ராக்ஸி என்று பெயர். முதலில் ஒரு பீரியட். பிறகு ஒரு நாள். பிறகு ஒரு டீச்சர் வேலையை விட்டால், புது ஆள் வரும்வரை நான். புது ஆள் வரவே மாட்டார். ஏன் வர வேண்டும்? நான்தான் இருக்கிறேனே!

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் போனால் பள்ளி தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பில்தான் இருப்பவர்களுடைய அருமை தெரியும். எங்கள் பள்ளி தவிக்கவே இல்லை. வேன்காரனுக்கு ஒரு இஸ்திரி போட்ட சட்டை கொடுத்தால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டது.

அந்தச் சட்டை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சார் என்றார்கள். அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பள்ளி ஆசிரியர்களை எப்படித் தக்கவைத்தது தெரியுமா? வேலையில் சேரும் நாளில் பட்டம், பி.எட்., மதிப்பெண் பட்டியல் என்று எல்லா ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி, ஆபீஸில் ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இடையில் போக முடியாது. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகக்கூட முடியாது. அவர்கள் படித்த படிப்பே அவர்களுக்குக் கட்டிய கயிறு!

இதை ஊரில் எத்தனையோ இடங்களில் செய்கிறார்கள் என்று டைரக்டர் சாதாரணமாகச் சொல்வார். ஆசிரியர்களைத் தக்கவைப்பது பற்றி ஒரு பெரிய ஹோட்டலில் கூட்டம் நடந்தது. அதில் பேசிவிட்டுக் கழுத்தில் அட்டையோடு வந்து இறங்கினார். அன்று சாயங்காலமே வகுப்பறைகளிலிருந்து நாற்காலிகளை எடுக்கச் சொன்னார். உட்கார்ந்தால் சோம்பல் வருமாம், வகுப்பில் மாட்டியிருந்த கேமராவில் பார்க்கப் பெற்றோருக்கு நன்றாக இருக்காதாம். எடுத்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனது யார்? நான்தான்.

அலமாரிச் சாவியையும் என்னிடமே கொடுத்தார். உன் சாமான் எதுவும் அதற்குள் இல்லை, ஆகவே உனக்குத் திறக்கத் தோன்றாது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துப் பாருங்கள்... அந்தக் கட்டடத்தில் நினைத்த நேரத்தில் எழுந்து போகக்கூடியவன் நான் ஒருவன்தான். படிக்காததால்!

வாசுகி டீச்சர் உடுமலைப்பேட்டைக்காரர். கணவருக்குச் சாகண் என்ற ஊரில் கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுத்தார். ஒரு கேள்வியை இங்கிலீஷில் படிப்பார், புரியாத முகத்தைப் பார்த்தால் இந்தியில் சொல்வார், அதற்கும் மசியாவிட்டால் தனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் இறங்குவார். அந்த மராட்டிக்கு வகுப்பே சிரிக்கும். சிரித்துக்கொண்டே கணக்கும் போடும். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருக்கும், அவரைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பார்கள். அவர் சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை.

தமிழ் பேச அங்கே நாங்கள் இருவர்தான். தண்ணீர் டேங்க் பக்கம் பார்த்துக்கொண்டால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். நாற்காலி போன மறுநாள், "நின்னு நின்னு நான் கொக்காட்டம் ஆயிட்டனுங்ணா. மீனுதான் கிடைக்க மாட்டேங்குது" என்றார். எடுத்தவன் நான் என்று தெரிந்தே சொன்னார். சான்றிதழ் அலமாரி பற்றி ஒருநாள் பேச்சு வந்தது.

"இங்க கல்யாணத்துல மாப்பிள்ளையோட செருப்ப ஒளிச்சு வெச்சு வெளையாடுவாங்கல்லங்ணா, அந்த மாதிரிதான். என்ன, அங்க முகூர்த்தம் முடிஞ்சா திருப்பிக் குடுத்துருவாங்க."

சங்கராந்தி முடிந்த வாரம் அவர் சிரிக்காமல் வந்தார். லோஹேகாவ் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேண்டுமாம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். சனிக்கிழமை நேர்முகம். ஒரிஜினல் இல்லாமல் வந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். அங்கே வேலை நிரந்தரம், மே மாதத்துக்கும் சம்பளம், வகுப்பில் நாற்காலி. இது கிடைக்காவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

"சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக் குடுங்ணா. திங்கக்கிழமை காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி நானே கொண்டாந்து வெச்சர்றன். கிடைச்சாலும் ஜூன்லதான் சேருவனுங். பத்தாவதுப் புள்ளைங்கள பரீட்சைக்கு முன்னாடி உட்டுட்டுப் போக மாட்டன்."

பார்க்கலாம் டீச்சர் என்றேன். முடியும் என்ற தொனியில்தான் சொன்னேன்.

அன்று முழுவதும் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் இது. பிள்ளைகளின் பரீட்சையை யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான்... பொய்! பரீட்சை முடிந்துதான் போவேன் என்று அவரே சொல்லிவிட்டாரே. டைரக்டருக்குப் பயந்தேனா? அதுவும் இல்லை. என்னை அவர் என்ன செய்துவிட முடியும்? வேலையை விட்டு அனுப்பினால் அடுத்த ஊர்.

நான் பயந்தது ஜூன் மாதத்துக்கு. வாசுகி டீச்சர் போனால் அந்தப் பத்தாம் வகுப்பு என் தலையில் விழும். நான் தோற்ற அதே கணக்கு, நான் தோற்ற அதே வகுப்பு. மூன்றாம் வகுப்பில் ஒப்பேற்றலாம். பத்தாம் வகுப்பு ஒரே வாரத்தில் என்னைக் கண்டுபிடித்துவிடும். சார் என்று கூப்பிட்ட வாய்கள் சிரிக்கும். அதைத் தாங்க முடியாது என்று நினைத்தேன். அதற்காக ஒரு மனுஷியைக் கட்டிப்போடலாம் என்று முடிவு செய்தேன். தொழிலை விடுவதெல்லாம் பேச்சுக்குத்தான், டைரக்டர் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். டைரக்டர் பூட்டியது லாபத்துக்கு. நான் பூட்டியது இஸ்திரி போட்ட ஒரு சட்டைக்கு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே தேடி வந்தார். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பையில் சாவிக்கொத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன், சத்தம் வராமல் இருக்க.

"சாவிய சார் நாசிக் போறப்ப கொண்டு போயிட்டாரு டீச்சர். சொந்தத்துல கல்யாணமாம்."

"ஒரு போன் போட்டுக் கேக்கலாமுங்களா?"

"கேட்டா நீங்க வேற எடம் பாக்கிறது தெரிஞ்சு போகும். உங்களுக்குத்தான் சங்கடம்."

அவர் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார். பிறகு, "அதும் செரிதானுங். நீங்க இவ்வளவு யோசிச்சுச் சொன்னதே பெருசுங்ணா" என்றார்.

எனக்கு நன்றி சொன்னார்! திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

சனிக்கிழமை ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்துக்கொண்டு போனார். ஒரிஜினல் எங்கே என்று கேட்டார்கள், பிறகு காட்டுகிறேன் என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வழக்கம்போல் வந்து முதல் பீரியட் எடுத்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பரீட்சை முடியும்வரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

ஏப்ரலில் ராஜினாமா கொடுத்தார். டைரக்டர் முணுமுணுக்கவே இல்லை. கயிற்றை இவ்வளவு சுலபமாக ஏன் அவிழ்த்தார்? அந்த இடத்தில் நிற்க மலிவாக ஓர் ஆள் தயாராக இருந்தான். கொடுத்து அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாசுகி டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, பேன்ட் பையிலிருந்து சாவியை எடுத்தேன். ஆபீஸ் சாவி, மொட்டைமாடிச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில். எத்தனையோ நாள் என் கையில் அவர் பார்த்த அதே வளையம். அலமாரி திறந்தது. அவருடைய கவரை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கவரைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார்.

"இது எப்பவும் உங்ககிட்டயேதான் இருக்குமாங்ணா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்! "இல்ல டீச்சர், இன்னைக்குத்தான் குடுத்தாரு" என்றேன்.

"செரிங்ணா."

அவ்வளவுதான். ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து மடிப்பில்லாமல் பையில் வைத்தார். சாகணில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பொருள்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்வதாகச் சொன்னார். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றார். அங்கே உட்கார்ந்து செய்யும் வேலையா என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும்... தெரிந்துதான் இருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு என் தலையில் விழுந்தது.

எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அதுவே நடந்தது. அப்படியானால் அந்தப் பொய் யாருக்குப் பயன்பட்டது?

விடைகள் அச்சிட்ட கைடு ஒன்றை வாங்கினேன். இடது கையில் கைடு, வலது கையில் சாக்பீஸ். பார்த்து எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுதுவார்கள். மேடம் எப்போது வருவார் என்று முதல் வாரம் கேட்டார்கள். லீவில் இருக்கிறார் என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். சிரிப்பார்கள் என்று பயந்தேன், சிரிக்கக்கூட இல்லை. வகுப்பு செத்துக் கிடந்தது. அமைதியான வகுப்பு என்று டைரக்டர் கேமராவில் பார்த்துப் பாராட்டினார்!

போன மாதம் அந்த மழை நாள். கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கைடின் இரண்டு பக்கங்கள் சேர்ந்து திரும்பிவிட்டன போலிருக்கிறது. ஒரு கணக்கின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவுமாக எழுதிவிட்டேன். பிராஜக்தா என்ற பெண் எழுந்தாள். சார், இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

வெளியே போய் நில் என்றேன். கத்தினேன். அவள் போய் வராந்தாவில், சாரல் அடிக்கும் இடத்தில் நின்றாள்.

திரும்பிப் பார்த்தேன். மற்ற எல்லோரும் தலை குனிந்து அந்தத் தப்பை அழகாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வரி மாறாமல். அடிக்கோடு போட்டு.

கைடை ஜன்னல் திட்டில் வைத்தேன். வெளியே வந்தேன். பிராஜக்தாவைத் தாண்டித்தான் நடந்தேன், அவளை உள்ளே போகச் சொல்லக்கூட நிற்கவில்லை. சாவிக்கொத்தை ஆபீஸ் மேசைமேல் போட்டேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். டீ குடிக்க என்றேன்.

பாலத்தின் நடுவில்தான் அது உறைத்தது. அலமாரி ஆபீஸில் இருந்தது, சாவி கையில் இருந்தது, டைரக்டர் வந்திருக்கவில்லை. திறந்துவிட்டு வந்திருக்கலாமே! உள்ளே இன்னும் எத்தனை பேருடைய கவர்கள்! அவரவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே! ஏன் தோன்றவில்லை? டைரக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது உண்மைதானா? என் சாமான் உள்ளே இல்லாததால்தானா?

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. டாபோடி, கட்கி என்று மழையோடு நடந்துகொண்டே இருந்தேன்.

ஆசிரியர்களை எப்படி நிறுத்தி வைப்பது என்று ஹோட்டலில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை, நானே சொல்கிறேன். பூட்டைத் திறங்கள். போகலாம் என்று தெரிந்தவர்தான் இருப்பார். உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள். சோற்றைச் சூடாகத் தின்ன நேரம் கொடுங்கள். மே மாதம் வெயிலில் வீடு வீடாக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்பாதீர்கள். நீங்களும்தான்... படுக்கப் போகும் நேரத்தில் ஹோம்வொர்க் சந்தேகம் கேட்டு டீச்சருக்குச் செய்தி அனுப்புகிறவர் நீங்கள்தானே? அவர் அடுத்த நாள் நின்றுகொண்டே இருக்கப் போகிறார் என்று தெரியுமா உங்களுக்கு?

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. என்னைப் போன்றவனை வகுப்பில் நிறுத்தாதீர்கள். ஆள் இல்லை என்றால் அந்த வகுப்பு காலியாகக் கிடக்கட்டும். ஊருக்குத் தெரியட்டும். நான் நிற்கும்வரை பற்றாக்குறை யார் கண்ணுக்கும் தெரியாது. பற்றாக்குறையை மூடி வைத்திருக்கும் துணி நான்தான்.

இவ்வளவும் தெரிந்தவன் அடுத்த நாள் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

விஷ்ராந்த்வாடியில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கும் சாத்தூர்க்காரர் ஒருவரின் இடத்தில் படுத்தேன். காலையில் எழுந்து வேலை தேடிப் போனேன். வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வேன் நின்றது, ஏற்றி இறக்க ஆள் இல்லை. டிரைவரே இறங்கிக் குழந்தைகளைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் அந்த வேலையைக் கேட்டேன்.

ஆபீஸில் இருந்த அம்மாள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, வராத யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கிலீஷ் வருமா என்றார். வரும் என்றேன். முன்பு எங்கே இருந்தீர்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் என்றேன்.

அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே சொன்னேன், நான் பத்தாவதே தேறவில்லை மேடம் என்று. இந்த முறை உண்மையைச் சொன்னேன். இதையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

"நாலாம் கிளாஸ்தானே" என்றார் இந்தியில். "வெறும் நாலாம் கிளாஸ். டீச்சர் கிடைக்கும்வரைதான்."

முடியாது என்று சொல்ல வாய் இருந்தது. வெளியே வேன் இருந்தது. கேட்ட வேலையையே கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். நான் அவர் பின்னால் படியேறினேன்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். என்ன பாடம் சார் என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். போர்டில் நேற்றைய தேதி இருந்தது. அதை அழித்துவிட்டு, கணக்கு என்றேன்.